கெட்டிமேளத்துக்கு அடியில் ஒரு குரல்

ஒரு பெண் தாலி ஏறும் நேரத்தில் சொன்ன சொல்லை நான் மேளச் சத்தத்தைப் போட்டு மூடினேன். பின்னால் அவளே வந்து கேட்டபோது, அப்படியொரு சொல் பதியவே இல்லை என்று பொய் சொன்னேன். என் குற்றம் இதுதான். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் நம்புவீர்களா என்று தெரியவில்லை. பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன் நான். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

தொண்ணூறுகளின் பின்பகுதி அது. கணினியில் பாட்டை வெட்டி ஒட்டலாம் என்பதே அப்போது எனக்கு அதிசயம். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தட்டில், புதிதாகக் கற்பவர்களுக்கான மென்பொருள் ஒன்று இருந்தது. திரையில் ஒரு டிராக், அதற்குக் கீழே இன்னொரு டிராக், ஒவ்வொன்றிலும் சத்தம் மேடும் பள்ளமுமாகத் தெரியும், எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்கலாம், வெட்டி எறியலாம். அந்தப் பைத்தியத்தில், கல்யாண வீடியோ எடுக்கும் மணியத்துக்கு ஒலி சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினேன். ஐயர் பக்கத்தில் மைக் வைத்து மந்திரத்தைத் தனியாகக் கேசட்டில் பதிந்து வருவான். நேரில் அடிக்கும் மேளம் அதில் எப்போதும் கரகரவென்றுதான் விழும். அதை எடுத்துவிட்டுக் கடையில் வாங்கிய கேசட்டிலிருந்து நல்ல மேளத்தைப் போடுவேன். படத்தை நான் பார்ப்பதில்லை, அது அவன் வேலை.

கலைவாணி பைராம் தோட்டத்துக் குடியிருப்பில் வளர்ந்த பெண். அவள் கல்யாணக் கேசட்டில் ஐயர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் கொடுக்கிறார், மேளக்காரர்கள் ஒரு மூச்சு பிந்திவிடுகிறார்கள். அந்த இடைவெளியில், மைக்குக்கு வெகு அருகில், ஒரு பெண்குரல்: "எனக்கு வேணாம்."

மணியம் விழுந்து விழுந்து சிரித்தான். "அலாமா! பொண்ணு வேணாங்குது சார். மேளத்த இழுத்து மேல போடுங்க லா. கெட்டிமேளம் எதுக்கு அடிக்கிறாங்க? இந்த மாதிரி எதுவும் காதுல விழக்கூடாதுன்னுதானே?"

சம்பிரதாயப்படி அவன் சொன்னது சரி. மேளத்தை ஒரு மூச்சு முன்னே நகர்த்தினேன், ஏற்றினேன், குரல் போய்விட்டது. ஒட்டிய இடம் தெரியாமல் ஒட்டியிருக்கிறேன் என்று பெருமைப்பட்டதுகூட நினைவிருக்கிறது.

சில மாதங்கள் கழித்து அவள் தனியாக என் வீட்டுக்கு வந்தாள். கன்னத்தில் காயம் கன்றியிருந்தது. யார் அடித்தது என்று நான் கேட்கவில்லை.

"சார், 'நீ சம்மதிச்சுதானே கழுத்த நீட்டுனே'ங்கிறாங்க வீட்டுல. நான் வேணாம்னு வாய்விட்டுச் சொன்னேனா, மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டேனா, எனக்கே தெரியல சார். சொல்லியிருந்தா எங்கம்மாகிட்ட போட்டுக் காட்டிட்டு தோட்டத்துக்கே போயிடுவேன். வீடியோவுல மேளந்தான் கேக்குது. மாத்தாத டேப்பு இருக்கா?"

டேப் என் முழங்காலை ஒட்டிய இழுப்பறையில் இருந்தது. நானோ அரசாங்க ஊழியன், அனுமதியில்லாமல் பக்கவேலை பார்ப்பவன். விஷயம் பெரியவர்கள் வரை, போலீஸ் வரை போனால் என் பெயரும் வரும்.

"அது மேல வேற கல்யாணம் பதிஞ்சாச்சும்மா. நான் கேட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லல."

"அப்ப நான் சொல்லல" என்றாள். அன்றே நிபோங் திபாலில் இருந்த கணவன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு மதியம், நல்ல வெயில், மணியம் பக்கத்தில் உட்கார்ந்து நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். வேறொரு கல்யாணத்துக்காக அதே மேளக் கேசட்டைக் கணினியில் ஏற்றினேன். மேளம் தொடங்கியது. அதற்கு அடியிலிருந்து, தெளிவாக: "எனக்கு வேணாம்."

பழைய கோப்பு எங்கேயோ கலந்துவிட்டது என்று நினைத்தேன். வெற்றுக் கோப்பைத் திறந்து மறுபடி ஏற்றினேன். இருந்தது. திரையில் பார்த்தால் மேளத்தின் மேடுபள்ளம் மட்டும்தான், குரலுக்கு அடையாளமே இல்லை. கணினியை அணைத்துவிட்டுக் கேசட்டைச் சாதாரண ரேடியோவில் போட்டேன். அதிலும் இருந்தது. மணியம் எச்சில் கையோடு தன் காடியில் ஏறி ஓட்டிக்கொண்டு போய், கடையில் அதே கேசட்டைப் புதிதாக, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், வாங்கி வந்தான். நான்தான் உறையைக் கிழித்தேன். ரேடியோவில் போட்டேன்.

"எனக்கு வேணாம்."

"சார்," என்றான் மணியம், "இது அந்த பைராம் பொண்ணு சார்."

மற்றவர்கள் வீட்டில் அந்தக் கேசட் எப்படி ஒலித்ததோ, யாரிடமும் கேட்கத் துணிவு வரவில்லை. இழுப்பறையிலிருந்த டேப்பை வாக்மேனில் போட்டு எடுத்துக்கொண்டு, அந்த மதியமே பாலத்தைக் கடந்து நிபோங் திபாலுக்குப் போனேன். கணவன் லாரி ஓட்டப் போயிருந்தான். வாசலில் நின்றபடியே அவளிடம் நான் சொன்னது பொய் என்றேன். அவள் வாக்மேனை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டாள். கேட்டாள். தானே பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்டாள்.

"சொல்லியிருக்கேன்" என்றாள். "சார், நான் சொல்லியிருக்கேன்!"

ஒரு பையில் துணிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு என் காடியில் ஏறிவிட்டாள். தோட்டத்தில் அவள் அம்மாவும் கேட்டார். கேட்டு முடித்து, யாரையும் பார்க்காமல், மகளின் பையை எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்தார்.

வீடு திரும்பி மேளக் கேசட்டைப் போட்டேன். மேளம் மட்டும்தான் இருந்தது. இன்றுவரை மேளம் மட்டும்தான்.

கொஞ்ச நாள் கழித்து மணியம், அந்தக் கல்யாணத்தில் இரண்டாவது கேமராவில் எடுத்து, வீடியோவில் சேர்க்காமல் விட்ட படத்தைக் கொண்டுவந்தான். முழுக்க அவள் முகம்தான். என் கணினியில் ஏற்றி வைத்திருந்த டேப்பின் ஒலியை அதோடு சரியாகப் பொருத்திப் பார்த்தோம். ஐயரின் குரல், அவர் உதட்டசைவோடு ஒத்துப்போகிறது. பிறகு அந்த ஒரு மூச்சு இடைவெளி. "எனக்கு வேணாம்" என்று கேட்கிறது. திரையில் கலைவாணி கீழுதட்டைப் பல்லால் அழுத்திக் கடித்துக்கொண்டிருக்கிறாள். சொல் முடிந்து, மேளம் எழுந்து, தாலி ஏறும் வரையில் அந்தப் பல் உதட்டிலிருந்து எடுபடவே இல்லை. மணியம் எழுந்து போய் டிவியை அணைத்தான்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, மேற்பார்வையாளராகி, இன்றும் அவள் அங்கேதான் இருக்கிறாள். எங்கே பார்த்தாலும் நின்று பேசுவாள்.

"நல்ல வேள சார், அன்னிக்கு வாயத் தொறந்து சொல்லிட்டேன்" என்பாள்.

ஆமாம்மா, என்கிறேன்.