நான் காட்டிய நான்கு விரல்கள்

பௌர்ணமி வந்தால், மலை சுற்ற வருகிறவர்களுக்காக எங்கள் ஊரில் பள்ளி மைதானங்கள் வெளியூர்ப் பேருந்துகள் நிற்கும் இடமாகிவிடும். மகள் படிக்கும் பள்ளியின் மைதானமும் அப்படித்தான். அதனால் மாவட்டக் கூடைப்பந்து அணிக்கான தேர்வு ஆட்டத்தை ஆவணிப் பௌர்ணமி கழிந்து வந்த சனிக்கிழமைக்கு வைத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, சிமெண்டுத் தளத்தில் டீசல் சிந்திய இடங்களில் மரத்தூளைக் கொட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். டயர் ஏறி மங்கிப்போன கோடுகளின் மேல் இரண்டு பெண்கள் புதிதாகச் சுண்ணாம்பு தீட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என் மகள்.

முந்தைய வருடம் கணுக்கால் பிசகி அவள் தேர்வுக்கே போக முடியவில்லை. அவள் ஆடும் வயதுப் பிரிவின் வரம்பு அவளுக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. இதில் எடுக்காவிட்டால் அந்தப் பிரிவில் மாவட்டச் சட்டையை அவள் போடப்போவதே இல்லை. ஆடி மாதம் முழுக்கக் காலையில் எழுந்து ஓடினாள். சாப்பாட்டில் எண்ணெயைக் குறைத்தாள். வீட்டில் அவள் வேறு எதையும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

நான் செங்கம் சாலையில் ஒரு விடுதியின் முன்மேசையில் வேலை செய்கிறேன். விருந்தினர்கள் விட்டுச்செல்லும் புத்தகங்களைப் படிப்பதும், ஊரில் நடப்பவற்றைத் தேதி போட்டு எழுதிவைப்பதும் என் பழக்கம். எந்த வருடம் மலையில் தீப்பிடித்தது, எந்தக் கடை எப்போது கைமாறியது, எந்த ஐப்பசியில் ஏரி நிரம்பியது என்று யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன். தெருவில் பாதிப் பேர் பௌர்ணமி எப்போது தொடங்குகிறது என்று என்னைத்தான் கேட்பார்கள். இரண்டு பஞ்சாங்கங்களை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்வேன். நான் சொன்ன நேரத்தை நம்பி நடக்கக் கிளம்பியவர்கள் உண்டு, தவறியவர்கள் இல்லை. "எங்கப்பா ஒரு தடவை எண்ணிட்டா மறுபடி எண்ண வேணாம்" என்று மகள் தோழிகளிடம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். கேட்டு உள்ளுக்குள் மகிழ்ந்தும் இருக்கிறேன்.

கூடைப்பந்து எனக்குத் தெரியாது. தேர்வுக்கு முந்தைய வாரம் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். வேறு யாராவதாக இருந்தால் இன்றைய விதிகளைத் தேடிப் படித்திருப்பார்கள், அல்லது மகளையே கேட்டிருப்பார்கள். எனக்கோ எதையும் அதன் தொடக்கத்திலிருந்து படித்தால்தான் திருப்தி. விளையாட்டுகளின் வரலாறு பற்றி யாரோ விட்டுப்போன தடித்த புத்தகம் ஒன்று விடுதி அலமாரியில் இருந்தது. அதில் இந்த விளையாட்டு பிறந்தபோது எழுதிய பதின்மூன்று விதிகளும் இருந்தன. கூடை என்பது அப்போது பழக்கூடை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால் அது ஃபவுல். முஷ்டியால் பந்தைக் குத்தினால் ஃபவுல். ஆளை இடித்தாலும் பிடித்தாலும் ஃபவுல். தெளிவாக இருந்தது. அதோடு, இந்தக் காலத்தில் ஒருவருக்கு ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போய்விட வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்ட ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டேன். விதிகள் முடிந்தன என்று புத்தகத்தை மூடினேன்.

ஆட்டத்தன்று என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மகளின் அணியிலேயே ஆடும் பெண்ணின் அப்பா. கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய். அவருக்கு என்னைவிடவும் ஆட்டம் தெரியாது.

முதல் விசில் என் மகளுக்கு.

"இன்னா சார், எதுக்கு ஊதறாரு?"

"பந்தைத் தரையில தட்டாம கையில வெச்சிக்கினே நடந்துட்டா பாய். ஃபவுல்."

"ஓஹோ. இந்த மாதிரி எத்தினி வரைக்கும் வுடுவாங்க?"

"அஞ்சு ஆனா வெளிய அனுப்பிடுவாங்க."

"அப்ப இது ஒண்ணு."

"ஒண்ணு" என்றேன்.

இரண்டாவது, கூடைக்குப் பந்தெறிய எழும்பிய பெண்ணின் மணிக்கட்டில் இவள் கை பட்டது. மூன்றாவதற்கு யாரும் யாரையும் தொடவில்லை. எதிரணியின் கூடைக்குக் கீழே கட்டம் போட்ட பகுதியில் இவள் அதிக நேரம் நின்றாள். நடுவர் மூன்று விரலைக் காட்டினார். மூன்று நொடிக்கு மேல் அங்கே நிற்கக்கூடாதாம், முன்வரிசையில் ஒரு பையன் சொன்னான். என் பதின்மூன்று விதிகளில் இது இல்லை. ஆனாலும் விசில் ஊதினார்கள், பந்தை எதிரணிக்குக் கொடுத்தார்கள். தப்பு தப்புதானே என்று அதையும் கணக்கில் சேர்த்தேன். நான்காவது, கூடை மாட்டிய பலகையின் கீழே இரண்டு மூன்று பெண்கள் மோதி விழுந்தபோது ஊதியது. நடுவர், கணக்கு எழுதுபவர்களின் மேசைப் பக்கம் போய் என் மகளைச் சுட்டினார்.

"நாலு" என்றார் பாய், நான் சொல்வதற்கு முன்பே. அவருக்கும் கணக்கு பிடித்துப்போயிருந்தது.

கடைசிப் பகுதி தொடங்குவதற்கு முன் சிறு இடைவேளை. மகளின் பள்ளி நான்கு புள்ளி முன்னால் இருந்தது. தேர்வாளர்கள் இருவர் தளத்தின் அந்தப் பக்கம் குடை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் என் மகள் பக்கம் பேனாவை நீட்டி மற்றவரிடம் ஏதோ சொன்னதை நான் பார்த்தேன். அவளும் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

நான் எழுந்து நின்று நான்கு விரல்களைக் காட்டினேன். பிறகு ஒரு விரல். நாலு ஆகிவிட்டது, இன்னும் ஒன்றுதான் பாக்கி.

அவள் சிரிப்பு நின்றது. பாட்டிலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையில் இரண்டு விரலை உயர்த்தி, கேள்வி கேட்பது போலத் தலையை ஆட்டினாள். இரண்டுதானே?

நான் தலையை இடமும் வலமும் அசைத்தேன். நான்கு விரலை மறுபடியும் விரித்து, நன்றாகத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன்.

"நாலு மா!" என்று பாய் கூவினார். "அப்பா எண்ணிக்கினுதான் இருக்காரு!"

அவள் தன் இரண்டு விரலை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மடக்கிக்கொண்டாள்.

அந்தக் கை மடங்கியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவள் எண்ணிக்கை சரி. மேசையில் எழுதியிருந்ததும் அதுதான். விளையாடியவள் அவள், இடித்ததும் பட்டதும் அவள் உடம்பு. அத்தனையும் தெரிந்தும் என் கையை நம்பினாள்.

கடைசிப் பகுதியில் அவள் ஆட்டம் மாறியது. எதிரணியில் பச்சை ரிப்பன் கட்டிய உயரமான பெண் ஒருத்தி. அதுவரை அவளை முன்னேற விடாமல் நெஞ்சுக்கு நேராக நின்று மறித்தது என் மகள்தான். இப்போது அந்தப் பெண் பந்தோடு வந்தால் இவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி விலகினாள். அந்தப் பெண் உள்ளே போய்ப் போட்டாள். மறுபடி வந்தாள், மறுபடி விலகினாள். பயிற்சி கொடுக்கும் பி.டி. மிஸ் தன் பெஞ்சிலிருந்து, "முன்னாடி போய் நில்லுடி! ஏன் வழி விடற?" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஆட்டத்தை நிறுத்திக் கூப்பிட்டுப் பேசும் வாய்ப்புகளையெல்லாம் முன்பே பயன்படுத்தித் தீர்த்துவிட்டிருந்தார்.

நானோ அந்த நேரத்தில் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தது இது: "பாத்தீங்களா, எவ்ளோ ஜாக்கிரதையா ஆடறா."

மூன்று புள்ளியில் தோற்றார்கள்.

பி.டி. மிஸ் அவளைக் கூப்பிட்டபோது நானும் வேலியைத் தாண்டிப் பக்கத்தில் போயிருந்தேன்.

"இன்னாடி ஆச்சு உனக்கு? மூணு குவார்ட்டர் புலி மாதிரி நின்ன. கடைசியில கையக் கட்டிக்கினு நிக்கிற?"

"நாலு ஃபவுல் ஆயிடுச்சு மிஸ்."

"நாலா? யாரு சொன்னது?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஷூவின் கயிற்றைக் குனிந்து அவிழ்க்கத் தொடங்கினாள்.

"நான்தான் சொன்னேங்க" என்றேன்.

"சார், ரெண்டுதான் சார். கை மேல பட்டது ஒண்ணு, கீழ இடிச்சிக்கினது ஒண்ணு."

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "பந்தோட நடந்தது ஒண்ணு, மூணு செகண்ட் நின்னது ஒண்ணு இருக்குங்களே" என்றேன்.

"அதெல்லாம் வயலேஷன் சார். பந்து அந்தப் பக்கம் போயிடும், அவ்ளோதான். அவ பேர்ல ஏறாது."

"இல்லீங்க, விதியில பந்தோட ஓடறதும் ஃபவுல்னுதான் போட்டிருக்கு. நான் படிச்சிருக்கேன்."

"எந்த விதியில சார்?"

"இந்த ஆட்டத்தோட முதல் விதிகள்லங்க."

"அது எப்ப எழுதினது?"

"ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தொண்ணு" என்றேன். வருடத்தை யாராவது கேட்டால் நான் யோசிப்பதில்லை.

சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அடக்க முயன்றும் முடியாமல் பக்கத்தில் இருந்தவளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். இன்னொருத்தி, "அப்ப நாம பொறக்கவே இல்லடி" என்றாள். பி.டி. மிஸ் சிரிக்கவில்லை. "அதோ டேபிள்ல உக்காந்து எழுதிக்கினே இருந்தாங்க சார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். என் மகள் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு சிமெண்டில் நடந்து போனாள்.

மாலையில் பெயர்களை வாசித்தார்கள். அவள் பெயர் இல்லை. பாயின் மகள் பெயர் இருந்தது. அவர் சந்தோஷப்படவும் முடியாமல், என்னைத் தேற்றவும் தெரியாமல், "நான் வேற சேர்ந்து கூவிட்டேனே சார்" என்றார்.

வீட்டில் மனைவி, "என்னம்மா ஆச்சு?" என்று மகளைக் கேட்டாள். "செலக்ட் ஆகலம்மா. டிஃபென்ஸ் சரியில்லையாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். விரல்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னைக் காப்பாற்றினாள் என்று நினைத்தபோதுதான் எனக்குத் தலை நிமிரவில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்திற்கிடையே நான் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள், "அந்தப் பொண்ணு ரெண்டுனு காட்டுச்சு இல்ல? அப்பவாவது ஒரு நிமிஷம் சந்தேகம் வரலியா உங்களுக்கு?" என்றாள்.

வரவில்லை. அதுதான் உண்மை. எனக்குச் சந்தேகம் வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

அடுத்த சில நாட்கள் இன்றைய விதிகளைப் படித்தேன். இம்முறை எந்த ஆண்டின் பதிப்பு என்று பார்த்துவிட்டுத் தொடங்கினேன். படித்தும் சில இடங்கள் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மாடியில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தபோது ஏறிப் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் வேறு வார்த்தை வந்தது: "ஆளை இடிச்சா யாரு பேர்ல எழுதுவாங்க, வந்தவன் பேர்லயா, நின்னவன் பேர்லயா?"

அவள் பந்தைத் தட்டுவதை நிறுத்தினாள். பிறகு என் கையில் எறிந்தாள். "நட" என்றாள்.

பந்தைக் கட்டிக்கொண்டு நான்கடி நடந்தேன்.

"இது வயலேஷன். பந்து மட்டும் போயிடும். ஆளு போவ மாட்டான்." பந்தைப் பிடுங்கிக்கொண்டாள். "இப்ப அசையாம நில்லு." எதிரிலிருந்து வந்து தோளால் என்னை மோதினாள். நான் தண்ணீர்த் தொட்டி வரை தள்ளாடிப் போனேன். கொஞ்சம் பலமாகவே மோதினாள் என்று நினைக்கிறேன். "நீ முன்னாடியே வந்து நின்னுட்ட. நான் வந்து இடிச்சேன். இது என் பேர்ல ஃபவுல். நீ கடைசி நேரத்துல குறுக்க வந்திருந்தா உன் பேர்ல."

"ஓ" என்றேன்.

"இதைத்தான் நான் அன்னிக்கு செஞ்சிக்கினு இருந்தேன். முன்னாடியே போய் நிக்கறது. அதுக்குத்தான் செலக்டருங்க என்னைக் குறிச்சிக்கினு இருந்தாங்க." சொல்லிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள்.

புரட்டாசிப் பௌர்ணமிக்கு அவளும் தோழிகளும் மலை சுற்றக் கிளம்பினார்கள். எப்போதும் என்னிடம்தான் நேரம் கேட்பாள். அன்று பஞ்சாங்கம் இரண்டும் என் மடியில் விரித்தபடி இருக்க, கூடத்தில் நின்று போனில் பேசினாள்: "எப்ப ஆரம்பிக்குதுனு நெட்ல பாத்துச் சொல்லுடி." என்னைக் குத்துவதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. இயல்பாகவே சொன்னாள். நான் பஞ்சாங்கத்தை மூடி வைத்தேன்.

பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஒரு சாதாரண ஆட்டம் அதே மாதத்தில் நடந்தது. பரிசும் இல்லை, தேர்வும் இல்லை. வரட்டுமா என்று கேட்டேன்.

"வா. கைய மட்டும் ஆட்டாத" என்றாள்.

உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாயும் வந்திருந்தார். இரண்டாம் பாதியில் ஒருத்தி எறிய எழும்பும்போது மகளின் கை பட்டது. விசில். அவள் உடனே மேசைப் பக்கம் திரும்பி, எத்தனை என்று கையாலேயே கேட்டாள். எழுதிக்கொண்டிருந்தவர் மூன்று விரலைக் காட்டினார். சரி என்று தலையாட்டிவிட்டு ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்றாள். நாங்கள் இருந்த பக்கம் பார்க்கவே இல்லை.

பாய் பழக்க தோஷத்தில் என் பக்கம் சாய்ந்தார். "எத்தினி சார் இப்ப?"

மூன்று என்று எனக்கும் தெரிந்திருந்தது. இம்முறை சரியாகவே எண்ணியிருந்தேன்.

"டேபிள்ல எழுதறாங்க பாய்" என்றேன்.