ஒதெத்தின் வேலியோரம் போன இரண்டு மாடி விமானம்

எங்கள் ஊரில் ஒதெத்துக்கு வாய் நீளம் என்பார்கள். அவள் பட்ட பாட்டுக்கு அந்த நீளம் போதாது என்பேன் நான்.

பிரான்சின் துலூஸ் நகருக்கு மேற்கே, சாலையை ஒட்டி அவளுக்கு வாத்துப் பண்ணை. கணவன் இறந்தபின் தனியாகவே நடத்தினாள். வேலிக்கு வெளியே மாமனார் நட்ட மூன்று வால்நட் மரங்கள். ஒருநாள் சாலைத்துறை அதிகாரி வந்து, அவற்றை வெட்ட வேண்டும் என்றார். துலூஸில் இரண்டு மாடி விமானம் கட்டப் போகிறார்களாம். அதன் உடல் துண்டு துண்டாகக் கப்பலில் வந்து, பிறகு லாரியில் இந்த வழியாகப் போகுமாம். சாலை அகலம் பத்தாதாம்.

“பறக்கிற சாமான்தானே? பறந்தே போகச் சொல்லுங்க!”

“றெக்கையே லாரியிலதான் மேடம் வருது.”

அவள் கொழுந்தன் லூசியான் அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஓடிவந்து கெஞ்சினான்.

“அண்ணி, ஜம்போன்னா நான்தான்னு அமெரிக்காக்காரன் முப்பது வருஷமா மார்தட்டிக்கிட்டிருக்கான். அவனைவிடப் பெருசா நாங்க கட்டப்போறோம். மூணு மரம் குறுக்கே நிக்கலாமா?”

“யாரு பெரியவன்னு போட்டி உங்களுக்குள்ள. மொட்டை மட்டும் எனக்கா?”

கொழுந்தன் பிழைப்பு கெடக்கூடாதே என்று கையெழுத்துப் போட்டாள். மரங்கள் போயின. லாரி வரிசை வரும்போதெல்லாம் வாத்துகள் மிரண்டு ஒரே மூலையில் குவிந்தன; மறுநாள் தீனியைத் தொடவில்லை. வேடிக்கை பார்க்க நாற்காலியோடு வந்த கூட்டம் சோளக்கொல்லையை மிதித்தது. புகார் சொன்னால், நாட்டுக்குப் பெருமை என்றார்கள்.

“பெருமைக்கு முட்டையிடத் தெரியுமா?” என்று ஃபோனை வைத்தாள்.

சில ஆண்டுகளில் காற்று திரும்பியது. இரண்டே எஞ்சினில் நெடுந்தூரம் போகும் சிறிய விமானங்களை அமெரிக்காக்காரர்களும் கட்டினார்கள், துலூஸ்காரர்களும் கட்டினார்கள். செலவு குறைவென்று வாங்குகிறவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஒருநாள் லூசியான் அவள் சமையலறையில் உட்கார்ந்து சூப்பைத் தொடாமல் இருந்தான்.

“ரெண்டு மாடி விமானம் கட்டுறதை நிறுத்தப்போறாங்க அண்ணி.”

“அப்ப அமெரிக்காக்காரன் ஜெயிச்சுட்டானா?”

“எங்க? அவனோட ஜம்போவையும் கேக்க ஆளில்ல.”

அவளுக்கு வந்ததே கோபம். “ரெண்டு பேருமே தோத்தீங்களா? ஒருத்தனாவது ஜெயிச்சிருந்தா, அவன் பேரைச் சொல்லித் திட்டியாவது ஆத்திக்குவேனேடா!”

கத்திவிட்டு, அவனுக்குச் சூப்பைச் சூடுபண்ணிக் கொடுத்தாள்.

அடுத்த ஆண்டு வேறோர் அதிகாரி வந்தார். இவ்வளவு அகலச் சாலை இனித் தேவையில்லை, ஓரத்தில் மேப்பிள் மரம் நடப்போகிறோம் என்றார்.

“வால்நட் நடுங்க.”

“ரோட்டுல கொட்டை விழும் மேடம். விதி இடம் கொடுக்காது.”

“வீடு மாதிரி ஒண்ணை இழுத்துட்டுப் போக விதி இருந்துச்சு. ஒரு கொட்டை விழ விதி இல்லையா? போய்யா!”

அவளே மூன்று கன்று வாங்கி வந்தாள், வேலிக்கு உள்பக்கம் நட. சிறிய விமானப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்த லூசியான் ஞாயிற்றுக்கிழமை வந்து குழி தோண்டினான். பக்கத்தில் நின்ற அவள் அன்றும் விடவில்லை.

“தள்ளித் தோண்டுடா! அது பெருசா வர்ற மரம்.”