எவர்சில்வரில் ஒரு சிலுவை

பாஸைப் பையில் ரொம்ப நேரம் தேடுகிறவளிடம் பாஸ் இருக்காது. பம்பாய் லோக்கல் ரயிலில் லேடீஸ் பெட்டி லேடீஸ் பெட்டியாக ஏறி இறங்கி, டிக்கெட் பரிசோதகராக நான் கற்றுக்கொண்டது இது. இருக்கிறவள் முறைத்துக்கொண்டே எடுத்து நீட்டிவிடுவாள். இல்லாதவள் முதலில் டிபன் பாக்ஸை வெளியே எடுப்பாள், பிறகு குடையை எடுப்பாள், நேற்று வேறு பை கொண்டுவந்தேன் என்பாள், வீட்டுக்காரர் பர்ஸில் போயிருக்கும் என்பாள். காரணம் கூடக் கூட என் சந்தேகம் உறுதியாகும். அபூர்வமாக ஒருத்தி, நான் கேட்பதற்கு முன்பே என்னை நேராகப் பார்த்து, டிக்கெட் இல்லை என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு அபராதம் எழுதத்தான் எனக்குக் கை வராது. எழுதுவேன், அது வேலை. ஆனால் அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

ரிட்டயர் ஆனபோது கறுப்புக் கோட்டைக் கழற்றினேனே தவிர சந்தேகத்தைக் கழற்றவில்லை. கேஸ் சிலிண்டர், பால் பாக்கெட், மீன்காரியின் தராசு, எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் நேர் எதிர். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனுஷன். செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டிராயிங் ஆபீஸில் இருந்தார். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய காலம், எல்லாம் கையால் வரைவது. கல்யாணமான புதிதில், ஸ்கேல் இல்லாமல் தன்னால் நேர்கோடு கிழிக்க முடியும் என்று பெருமையாகச் சொன்னார். நான் நம்புவேனா? கிழிக்கச் சொல்லி, அந்தக் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.

அந்தக் கையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்ததும் அந்தக் கைக்கு வேலை போயிற்று. அதற்குத் திரும்ப வேலை கொடுத்தது என் சந்தேகம். திலக் நகரில் எங்கள் பில்டிங்கில் கிறிஸ்துமஸ் பலகாரத்தோடு என் டம்ளர் ஒன்று மேல்மாடிக்குப் போனது. போனது கையில் வைத்தால் கனக்கிற டம்ளர். வந்தது ஊதினால் பறக்கிற டம்ளர். கேட்டால் அதுதான் இது என்கிறாள் மேல்மாடிக்காரி. அன்றைக்கே வீட்டிலுள்ள எல்லாப் பாத்திரத்திலும் அடையாளம் போடவேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு சின்னப் பேனா மாதிரியான பொறிக்கிற மெஷின் வாங்கி, ஒவ்வொன்றின் அடியிலும் சுண்டுவிரல் நகம் அளவு சிலுவை போட்டார். குக்கர் மூடியைக்கூட விடவில்லை. அப்புறம் அதுவே அவருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. காலி பாட்டில்களில் கொடி வரைந்தார். பக்கத்து வீட்டுக் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் பெயர் பொறித்துக் கொடுத்தார். பார்த்தவர்கள் கடையில் போட்டதா என்று கேட்டால், அந்த மனுஷனுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

போன வருஷம் எங்கள் சபையில் அசனத்துக்குப் புதுப் பாத்திரம் வாங்கினார்கள். அசனம் என்றால் பண்டிகை முடிந்து சபையார் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. சாம்பார் வாளி, கரண்டி, தட்டு, பெரிய டம்ளர் என்று ஒரு மலை. அடையாளம் இல்லாவிட்டால் அடுத்த பண்டிகைக்குள் பாதி காணாமல் போகும். தேவாலயம்தான், இருந்தாலும் மனுஷர்கள்தானே. மாட்டுங்காவில் பாத்திரக் கடையிலேயே கொடுத்துப் போட்டுவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து, எதுக்குக் கடை, நானே போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். சபை முன்னால் கொடுத்த வாக்கு. பழைய பேனா மெஷின் இத்தனைக்குத் தாங்காது, முனை சுழன்று பொறிக்கிற ரோட்டரி டூல் ஒன்று வேண்டும் என்றார்.

ஆன்லைனில் பார்த்து வைத்திருந்தார். பெட்டிக்குள் செங்கல் வரும் என்று சொல்லித் தடுத்துவிட்டேன். தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டி ஒரு டூல்ஸ் கடை இருக்கிறது, கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம், நம்ம ஊர்க்காரர், ஏமாற்ற மாட்டார் என்றார். ஊர்க்காரர் என்றால் நான் இன்னொரு கண்ணையும் சேர்த்துத் திறப்பேன்.

கடைக்காரர் முதலில் ஒரு பெரிய பெட்டியைத் திறந்து வைத்தார். நூற்றுக்கு மேல் அயிட்டம் என்று அட்டையில் போட்டிருந்தது. நான் உள்தட்டைக் கவிழ்த்தேன். முக்கால்வாசி, காசு அளவில் வெட்டிய உப்புத்தாள் வட்டங்கள். பொட்டு அட்டையில் ஒவ்வொரு பொட்டையும் எண்ணுகிற மாதிரி அதையும் ஒன்று ஒன்றாக எண்ணியிருக்கிறார்கள். இதெல்லாம் வேண்டாம், மெஷினைத் தனியாகக் காட்டுங்கள், தேவையான முனையைத் தனியாகக் கொடுங்கள் என்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அம்மா போலீஸில் இருந்தாங்களோ என்று கேட்டார்.

கண்ணாடிக்கு வைர முனை, எவர்சில்வருக்குக் கார்பைடு முனை, முனையின் காம்பைக் கவ்விப் பிடிக்கிற கோலெட் இரண்டு அளவில், பேனா மாதிரிப் பிடித்து எழுத ஒரு நீளமான வளைகிற கேபிள். ஒவ்வொன்றும் எதற்கு, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுத்தான் வாங்கினேன். மெஷினை ஓடவிட்டுச் சூடாகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். முனை ஆடுகிறதா என்றும் பார்த்தேன். ஆடினால் மங்கலாகத் தெரியும். ஆடாவிட்டால் சுற்றாமல் நிற்கிற மாதிரி தெரியும். அது நின்ற மாதிரிதான் தெரிந்தது.

வீட்டில் மேஜை மேல் பேப்பரை விரித்து, ஒரு பழைய டம்ளரைக் கவிழ்த்து வைத்து முதல் சிலுவையைப் போட்டார். மேலிருந்து இறங்கிய கோடு பாதியில் வளைந்து, நேராகி, மறுபடியும் வளைந்தது. அவர் அதைக் கட்டைவிரலால் துடைத்தார், துடைத்தால் போய்விடும் என்பது போல.

முனை சரியில்லை என்றார். எனக்கு அப்படி ஒரு உற்சாகம். பார்த்தீரா, நான் சொன்னேனே, பில் போடத் திரும்பும்போது பெட்டியை மாற்றிவிட்டான் என்றேன். மறுநாளே திலக் நகரில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி நடந்துபோய்ச் சண்டை போட்டு வேறு முனை வாங்கி வந்தோம். அதிலும் கோடு அதே மாதிரி வந்தது. கோலெட் லூசு என்றார், அதையும் மாற்றினோம். கேபிள் முரடு, கையை இழுக்கிறது என்றார். மேஜை ஆடுகிறது என்று காலுக்கு அட்டை மடித்து வைத்தோம். கரெண்ட் ஏறி இறங்குகிறது என்றார். கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்றார். கடைசியில் ஒருநாள் டம்ளரைத் தட்டிப் பார்த்து, இந்த எவர்சில்வரே டுப்ளிகேட் போலிருக்கு என்றார். அது என் அம்மா எனக்கு வாங்கித் தந்த டம்ளர்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. டிபன் பாக்ஸ் வெளியே வந்துவிட்டது. குடையும் வந்துவிட்டது. நான் அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சும்மா நின்றேன்.

ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட கண்ணுக்கு, வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷனின் கை தெரியவில்லை. தெரியவில்லையா, பார்க்கவில்லையா? கொஞ்ச நாளாகவே டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். குளிராக இருக்கு என்பார், பம்பாயில் என்ன குளிர்? கோவிலில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுக்காமல் முன் பெஞ்சின் மேல் விரித்து வைத்துப் பாடினார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்கில் செக்கைத் திருப்பிவிட்டார்கள். நான் போய் அந்தக் கவுண்டர் பெண்ணைப் பிடித்து உலுக்கிவிட்டு வந்தேன். அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு சொலவடை உண்டு. என் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற சொலவடை. நான் அதை யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை. அந்த நாட்களில் அது நாக்கு நுனிவரை வந்தது, மென்று விழுங்கினேன். யாரும் என்னை ஏமாற்றிவிடக் கூடாது என்றே வாழ்ந்தவள், ராத்திரி ஜெபத்தில் முதன்முறையாக வேறு மாதிரிக் கேட்டேன். ஆண்டவரே, அந்தக் கடைக்காரர் எங்களை ஏமாற்றியிருக்க வேண்டும். மெஷின் போலியாக இருக்க வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம். எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியாக மெஷினையே மாற்ற வேண்டும் என்று போனோம். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. கடையில் வேறு ஆட்களும் நின்றிருந்தார்கள். பெட்டியைப் பிரித்து, மெஷினை ஓடவிட்டு, அங்கே கிடந்த ஒரு டப்பா மூடியில் அலட்சியமாக ஒரு கோடு இழுத்தார். கோடு நேராக வந்தது. மூடியைத் திருப்பி எங்களிடம் காட்டிவிட்டு, மெஷினை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, நீங்க ஒண்ணு போடுங்க அண்ணாச்சி, பாப்போம் என்றார். இவர் வாங்கினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கை மூடிக்கு மேலே நின்றது, இறங்கவில்லை. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "ஆடத் தெரியாதவ கூடம் கோணலுன்னாளாம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"யாருகிட்ட சொலவடை சொல்லுதீரு? டுப்ளிகேட் சரக்கத் தலையில கட்டிட்டு பேச்சு வேறயா? இந்தக் கை இழுத்த கோட்டுல ஸ்கேல வச்சுப் பாத்தவ நான்."

இன்னும் என்னென்னவோ சொன்னேன். ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். டுப்ளிகேட் என்று நான் சொன்னது பொய். பொய் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அந்தக் கை மூடியைத் தொடுவதற்குள் கடையே இடிந்து விழுந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. கடைக்காரர் மிரண்டுபோய், மெஷினே வேண்டாம்னா திருப்பித் தந்துருங்கம்மா, துட்டத் தந்துருதேன் என்றார். என் வீட்டுக்காரர் சுவிட்சை அணைத்தார். ஒயரைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். இதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கி நடந்தார்.

திரும்பும்போது ரயிலில், அவன் சரியான ஃபிராடு என்றேன். ஆமா என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. டிக்கெட் இல்லாத இரண்டு பேர் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். குர்லாவில் இறங்கி வண்டி மாறினோம்.

அசனத்துக்கு முந்தின நாள் கோவில் ஹாலில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். நான் முன்கூட்டியே போய், மெஷின் மோசம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், எல்லாவற்றையும் மாட்டுங்காவில் கொடுத்துப் போட்டுவிடலாம் என்று பெண்கள் சங்கத்தில் சொல்லி வைத்திருந்தேன். இவரிடம் வர வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் வந்தார், பெட்டியோடு. ஒருவரிடமும் பேசாமல் பிளக் பாயிண்ட் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு சாம்பார் வாளியை மடியில் கவிழ்த்து, சிலுவை போட ஆரம்பித்தார்.

சங்கத்துச் செயலாளர் அம்மா வாய்த்துடுக்கு. அருகில் வந்து குனிந்து பார்த்து, கோடு கோணலா வருதே, மெஷின் மோசம்னு சொன்னாங்க, சரியாத்தான் சொல்லியிருக்காங்க என்றார்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். அந்தக் கடைக்காரன் இருக்கானே என்று ஆரம்பித்தும்விட்டேன். என் வீட்டுக்காரர் மெஷினை அணைத்தார். அந்தச் சத்தம் நின்றதும் ஹாலில் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"மெஷின் நல்ல மெஷின்தான். என் கைதான் நடுங்குது. கொஞ்ச நாளாவே நடுங்குது. டாக்டர்ட்டக் காட்டணும்."

பேச்செடுத்தது அந்த அம்மா. ஆனால் அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

கரண்டி துடைத்துக்கொண்டிருந்தவள் மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். செயலாளர் அம்மா, மடியில் இருந்த வாளியின் மேல் ஒட்டியிருந்த தூளைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலையில் இருந்தவரைக்கும், இல்லை என்று தானாகச் சொன்ன ஒரு முகத்தையும் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அடுத்ததத் தா, ஏளா" என்றார்.

அடுத்த வாளியை எடுத்து அவர் முன்னால் கவிழ்த்து வைத்தேன். அது ஆடிவிடாதபடி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.