கடம்பத்தூர் நேயர்

நாலு பேர் படிக்க எழுதும் அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. பத்தாவதோடு நின்றவள். புதியவர்கள் முன்னால் பேசவும் வராது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தை எழுதத் துணிந்துவிட்டேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எஃப்.எம். ரேடியோக்கள் புதிதாக வந்த காலம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் எங்கள் வீடு. நைனா அங்கே ஓர் இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். அக்காவுக்கு மெட்ராஸில் ஒரு எஃப்.எம்.மில் அறிவிப்பாளர் வேலை கிடைத்தது. கிடைத்தது என்றால் முழுதாக இல்லை. "குரல் அருமை, ஆனா வாயைத் திறந்தா ஊர் தெரியுது" என்று சொல்லி, ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சேர்த்திருந்தார்கள்.

ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது அக்கா ஒரு கட்டளை போட்டாள். "யாரும் எனக்கு போன் பண்ணாதீங்க. உங்க பேச்ச கேட்டா என் நாக்கு பழையபடி திரும்பிக்கும்." எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. வாழைப்பழத்தை வாயப்பயம் என்று சொல்லும் குடும்பம் நாங்கள். அவளும் அதுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுடையது நேயர்கள் போனில் பேசிப் பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சி. தினமும் சாயங்காலம் அவள் எங்கே தவறிவிடுவாளோ என்று பயந்துகொண்டே ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்போம். யாராவது 'கும்முடிபூண்டி' என்றால், "கும்மிடிப்பூண்டியா, சந்தோஷம்" என்று ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வைப்பாள்.

"இவ எந்த ஊர சொல்றா?" என்பாள் அம்மா. நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

மாதம் முடியப்போகிற நேரத்தில் ஒருநாள், நைனா செல்போனை எடுத்து அந்த நிகழ்ச்சிக்கே அடித்தார்.

"வாணாம்யா, கொயந்த வேலைக்கு உல வெச்சிடாத" என்று அம்மா அவர் கையைப் பிடித்தாள்.

"நான் யாருன்னு சொன்னாதான?" என்றார் நைனா.

லைன் கிடைத்துவிட்டது. ரேடியோ பக்கத்தில் இருந்தால் போனில் இரையும் என்று அம்மா அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். நைனாவின் குரல் கூடத்திலிருந்து ஒருமுறை வந்தது, ரேடியோவிலிருந்து இன்னொரு முறை வந்தது.

"வணக்கம்! யார் பேசறீங்க, எங்கிருந்து பேசறீங்க?"

நைனா எதிர்வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார். "கடம்பத்தூருங்க" என்றார்.

ரேடியோவில் சத்தமே இல்லை. நிகழ்ச்சி நடுவில் அப்படி ஓர் இடைவெளி வரவே கூடாது என்று அக்காதான் எங்களுக்குச் சொல்லியிருந்தாள். அம்மா என் தோளை இறுக்கினாள். போச்சு, 'நைனா' என்று கூப்பிடப்போகிறாள், வேலை போகப்போகிறது என்று நினைத்தேன்.

"கடம்பத்தூர். ரொம்ப மகிழ்ச்சி. சாப்பிட்டீங்களா?" எல்லோரிடமும் அவள் கேட்கிற கேள்விதான்.

"சாப்ட்டேங்க. நீங்க சாப்ட்டீங்களா?"

நைனா அக்காவை 'நீங்க' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"சாப்பிட்டேங்க. இந்தப் பாட்டு யாருக்காக?"

"என் பொண்ணுக்குங்க. வேலைக்குப் போய்க்கினு..." நைனா நிறுத்தினார். "போயிட்டு இருக்காங்க. வீட்ட விட்டு தூரமா."

"கவலைப்படாதீங்க. உங்க பொண்ணுக்கு எங்களோட வாழ்த்துகள்."

அந்த 'ழ'கூடப் பிசகவில்லை. உடனே பாட்டு வந்துவிட்டது. எந்தப் பாட்டு வேண்டும் என்று அவள் கேட்கவில்லை, நைனாவும் சொல்லவில்லை. வந்தது, சைக்கிள் துடைக்கும்போதெல்லாம் நைனா முணுமுணுக்கும் பாட்டு. என்ன அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன்.

"நைனா, அக்கா உன்ன கண்டே புடிக்கல! சூப்பரா ஏமாத்திட்ட!"

"ஆமாம்மா, கண்டே புடிக்கல" என்றார். லைன் எப்போதோ அறுந்துவிட்டிருந்தது. போன் இன்னும் அவர் காதிலேயே இருந்தது.

மறுநாள் அக்கா வீட்டுக்கு போன் செய்தாள். வேலை உறுதியாகிவிட்டதாம். நைனா ஷிப்டுக்குப் போயிருந்தார்.