வானம் இடித்தாலும் என் சுவர்தான்

வீடு கட்டிக் கொடுக்கும் தொழிலில், சாவியை ஒப்படைத்த பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பிக்கிறது என்பது என்னைப் போன்ற சக பாவிகளுக்குத் தெரியும்.

யார் வீடு?

திண்டுக்கல்லில் ஒரு மத்தியானம் டமார் என்று சத்தம். ஏதோ போர் விமானம் ஒலியை முந்திப் பறந்திருக்கிறது. ஊரே தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தபோது எனக்குப் போன் வந்தது. நான் கட்டிக் கொடுத்த வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார். கிரகப்பிரவேசத்தன்று வந்தவர்களிடமெல்லாம் "என் வீடு, என் பிளான்" என்று காட்டியவர், இப்போது சொன்னார்: "தம்பி, உங்க வீடு ஆடுது."

மயிரிழை

கொத்தனார் மாரியப்பனோடு போனேன். ஜன்னலுக்குக் கீழே, வெளிப்பூச்சில் மயிரிழை விரிசல். விமான அதிர்வு காற்றில் வந்து ஜன்னலையும் கதவையும்தான் உலுக்கும், நல்ல சுவரை ஒன்றும் செய்யாது என்று சொல்லிப் பார்த்தேன். வாத்தியார் கேட்கவில்லை. விரிசல் வந்த கதை எனக்குத் தெரியும். பூச்சு வெடிக்காமலிருக்கத் தண்ணீர் விட வேண்டிய வாரத்தில், மோட்டார் அறைச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு பழனிக்குப் பாதயாத்திரை போனவர் இவர். பழியை விமானத்தின் மேல் போட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். என் மேல் அல்லவா போடுகிறார்.

விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டினோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். திரும்பும்போது மாரியப்பன் சொன்னார்: "பூச்சு காயுறப்ப பழனிக்குப் போன மனுசன் நல்லவரு, நம்ம செவுருதான் சார் குத்தவாளி."

சம்பந்தி வந்த நாள்

வாத்தியாரின் சம்பந்தி நெய்க்காரப்பட்டியில் வீடு கட்ட இருந்தார். இந்த வீட்டைப் பார்த்துவிட்டு அந்த வேலையை எனக்குத் தருவதாகப் பேச்சு. ஆறு மாதமாக அதைத்தான் நம்பியிருந்தேன். அவர் வந்த அன்று நானும் போய் உட்கார்ந்தேன். காபி டம்ளரை அவர் வாயில் வைக்கும் நேரம் பார்த்து மறுபடி டமார். ஜன்னல்கள் கடகடத்தன. காபி அவர் வேட்டியில் கொட்டியது.

நான் ஒரே ஓட்டமாக வெளியே ஓடினேன். கண்ணாடித் துண்டில் கீறல்கூட இல்லை. இருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். சம்பந்தி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்: "செவுத்துல ஒன்னுமில்லீங்க, ஒத்துக்கறேன். ஏனுங்க, சத்தம் கேட்டதும் கட்டுன நீங்களே மொதல்ல எந்திரிச்சு வெளிய ஓடுனீங்களே?"

நெய்க்காரப்பட்டி வீட்டை இப்போது வேறு ஆள் கட்டுகிறார். சுவர் அசையாமல் நின்றால் மட்டும் போதாது, கட்டியவனும் நாற்காலியை விட்டு அசையக் கூடாது என்பதுதான் எங்கள் தொழில் தர்மம்.