ரிங் உட்காராத எஞ்சின்

மக்களே, நம் பழைய காரின் எஞ்சினைப் பிரித்துப் புதிதாகக் கட்டிய பிறகும் அது ஏன் புகைத்தது என்று நீங்கள் இரண்டு பேரும் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். நான் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் சொல்வதாக உங்கள் அம்மா குறைபடுகிறாள். அவள் சொல்வது சரிதான். எனக்கே அது முழுக்க விளங்கியதில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வளைகுடாவில் கிடந்து, திரும்பி வந்து பலசரக்குக் கடை வைத்தவன் நான். விளங்கிய மட்டும் எழுதி வைக்கிறேன்.

எஞ்சினைக் கட்டியது உங்கள் மாமா. அவனும் வளைகுடாவில்தான், ஒரு வண்டிப் பட்டறையில் வேலை பார்த்தான். அவன் அங்கே இருக்கும்போதுதான் அவனுடைய மகள் பிறந்தாள். லீவுக்கு வந்தவனைப் பார்த்துப் பிள்ளை அலறிக்கொண்டு ஓடி, கதவுக்குப் பின்னால் ஒளிந்துவிட்டது. ‘இனிப் போகமாட்டேன்’ என்று ராஜாக்கமங்கலம் ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்துப் பட்டறை போட்டான். பஞ்சரும் ஆயில் மாற்றுவதும் வந்தன. முழு எஞ்சின் வேலை எதுவும் வரவில்லை. முதலில் வந்தது நம் கார்தான்.

நாகர்கோவிலில் லேத்துக்காரரிடம் கொடுத்து சிலிண்டரைக் கடைந்து வாங்கினான். புது பிஸ்டன், அதைச் சுற்றி மாட்டப் புது ரிங். மேசைமேல் பழைய பெட்ஷீட்டை விரித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஒவ்வொரு ரிங்கையும் எடுத்து மாட்டினான். பிள்ளை அவன் தோளில் ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள் அந்த அளவுக்குப் பழகிவிட்டது.

“அத்தான், கொஞ்ச நாளைக்குப் பதனமா ஓட்டுங்க. ஆக்சிலேட்டர ஒரேயடியா சவிட்டாண்டாம்” என்று சொல்லிச் சாவியைத் தந்தான்.

பதனமாகத்தான் ஓட்டினேன். பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். கடைக்கும் வீட்டுக்கும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும். சைக்கிள்காரன் என்னை முந்திக்கொண்டு போவான். போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நிற்கும்போது காரைக் கிளப்பினேன். பின்னாலிருந்து நீலமாகப் புகை எழும்பி, வெள்ளைச் சேலை கட்டியிருந்த பெண்களை எல்லாம் மூடியது. சபைக் கமிட்டியில் இருந்த பெரியவர் ஒருவர் தோளில் கிடந்த துவர்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தார்.

“என்ன வே, கோயிலுக்குக் கொசு மருந்து அடிக்க வந்தீரா?”

“புது எஞ்சின். அதான் கொஞ்சம்...”

“புதுசா? யாரு கட்டுனது? ஒமக்க மச்சினனா? அவன் அங்க ஒட்டகத்துக்கு வைத்தியம்லா பாத்தான்னு நெனச்சேன்!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உங்கள் மாமா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளி நின்றான். அவனும் சிரித்தான். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னான்: “பழைய கம்பெனியில திரும்பக் கூப்பிடுதாவ அக்கா. விசா தயாராம். இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். இந்த வண்டி இப்பிடிப் பொகைச்சா எனக்க பட்டறைக்கு யாரு எஞ்சின் கொண்டு வருவா?”

உங்கள் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். காரைச் சரியாக்குவது என் பொறுப்பு என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. எனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?

மறுநாள் நாகர்கோவில் போகிற வழியில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் எஞ்சினில் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தார். இட்லிப் பாத்திரத்தைத் திறந்ததுபோலக் குபுகுபு என்று ஆவி வந்தது. “ரிங்கைத் தப்பா மாட்டியிருக்கான். தொறந்துதான் பாக்கணும்” என்றார். பக்கத்தில் நின்ற இன்னொருவர், “வால்வு சீலா இருக்கும்” என்றார். ஆயில் கூடிப்போயிருக்கும் என்றும் ஒரு பேச்சு வந்தது. மூன்றையும் கேட்டு மூன்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். வேறு கையால் எஞ்சினைத் திறந்தால் உங்கள் மாமாவின் கதை முடிந்தது. திறக்காமல் விட்டால் புகையே அவனை விமானம் ஏற்றிவிடும். எதைச் செய்வது?

அவனிடமே போய்ச் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் பிளக்குகளைக் கழற்றி, ஒரு ஓட்டையில் காற்றழுத்தம் காட்டுகிற மீட்டரைப் பொருத்தி, என்னைச் செல்ப் அடிக்கச் சொன்னான். முள் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது. பிறகு ஒரு கரண்டி ஆயிலை அந்த ஓட்டைக்குள் விட்டு மறுபடியும் அடிக்கச் சொன்னான். இப்போது முள் நன்றாக ஏறியது.

“வால்வு இல்ல. ரிங்தான்” என்றான். முகம் சுண்டிப்போயிற்று.

இதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். நம் சைக்கிள் பம்பில் வாஷர் காய்ந்துபோனால் அடிக்கிற காற்று பின்பக்கமே வந்துவிடும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் பிடித்துக்கொள்ளும். எஞ்சினில் வாஷரின் வேலையைச் செய்வது ரிங். அது சரியாகப் பிடிக்காவிட்டால் கீழே கிடக்கிற ஆயில் மேலே ஏறி எரிந்து புகையும். எண்ணெய் விட்டதும் முள் ஏறினால், காற்று ஒழுகுகிற இடம் ரிங்தான் என்று அர்த்தம். இதுவரை சரி. ரிங் புதிது, சிலிண்டர் புதிதாகக் கடைந்தது, பின் ஏன் ஒழுகுகிறது? அவனுக்கும் தெரியவில்லை. மாட்டியதை எல்லாம் மனதுக்குள் திரும்பத் திரும்ப மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மீன் வாங்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தவன், வாசலிலேயே நின்றுவிட்டான். போர்ட்டிகோவில் கார் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டு நின்றது. உள்ளே ஆள் இல்லை. உங்கள் அம்மா விளக்குமாற்றோடு முற்றம் தூத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இது என்னத்துக்கு இப்பிடி ஓடிட்டுக் கெடக்கு?”

“பேட்டரி எறங்காம இருக்கத்தான். ஒனக்க அத்தான் வெளிநாட்டுல இருந்த காலத்துல இருந்தே தெனமும் செய்யுதேன். தூத்து முடிச்சதும் ஆப் பண்ணிருவேன்.”

“எஞ்சின் கட்டின பொறவுமா?”

“பின்ன? புது எஞ்சினுக்கு இன்னும் கூடுதல் கவனிப்பு வேண்டாமா?”

அவன் மீன் பையைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்து, “அத்தான், நீங்க எப்பிடி ஓட்டுதிய?” என்றான். சொன்னேன். சைக்கிள்காரன் முந்துவதையும் பெருமையாகவே சொன்னேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

“நல்லா இருக்கு! அக்கா தாலாட்டுதா, அத்தான் தொட்டில் ஆட்டுதிய. பின்ன ரிங் எப்பிடி உக்காரும்?”

அவன் விளக்கிச் சொன்னதை அரைகுறையாகத்தான் பிடித்தேன். சிலிண்டரின் உள்சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டிருப்பார்களாம், அம்மி கொத்துவதுபோல. எஞ்சின் பாரம் இழுக்கும்போது உள்ளே எரிகிற காற்று ரிங்கைச் சுவரோடு அழுத்தும். அந்தச் சொரசொரப்பில் ரிங் உரசித் தேய்ந்து, சுவருக்கு ஏற்றபடி படியும். சும்மா நின்று ஓடினாலோ என்னைப்போல ஓட்டினாலோ அழுத்தம் கிடையாது. ரிங் படியாமல் சுவர் மட்டும் கண்ணாடிபோல வழவழத்துவிடும். முழுக்க வழவழத்துவிட்டால் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

“முழுசா வழவழத்தாச்சா?” என்று கேட்டேன்.

“தெரியாது. ஓட்டித்தான் பாக்கணும்.”

“நீதானே சவிட்டாண்டாம்னு சொன்ன?”

“ஒரேயடியா சவிட்டாண்டாம்னு சொன்னேன். சவிட்டவே வேண்டாம்னு சொன்னனா?”

இப்போது குற்றம் யாருடையது? அவன் இன்னும் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். நான் இரண்டாம் தடவை கேட்டிருக்கலாம். உங்கள் அம்மா பல வருஷமாகச் செய்தது நல்ல காரியம்தான், அது எப்படித் திடீரென்று கெட்ட காரியமாயிற்று? எனக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

பாரத்துக்காகக் கடையிலிருந்து அரிசி மூட்டைகளை எடுத்து டிக்கியில் போட்டோம். உங்கள் இரண்டு பேரையும் அம்மாவோடு பின்சீட்டில் ஏற்றினோம். மாமா ஓட்டினான், நான் பக்கத்தில். ஆரல்வாய்மொழி தாண்டிக் காவல்கிணறு வரை. ஆனி மாதம். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது. திரும்பும்போது அதே காற்று எதிரே சுவர்போல நின்றது. மூன்றாவது கியரில் நன்றாக மிதிப்பான். எஞ்சின் கதறும். நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். பிறகு காலை எடுத்துவிடுவான், வண்டி தானே தளரும். மறுபடியும் மிதிப்பான். நீங்கள் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். உங்கள் அம்மா கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தாள்.

“பொகை வருதான்னு பாருங்க அத்தான்.”

தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தேன். புகை தெரியவில்லை. அது குறைந்துவிட்டதா, காற்று அடித்துக்கொண்டு போகிறதா? ஒரு நேரம் இருப்பதுபோல இருந்தது, ஒரு நேரம் இல்லாததுபோல இருந்தது. “தெரியல்ல மாப்ள” என்றேன். அந்தப் பயணம் முழுக்க நான் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

அந்த வாரம் இன்னும் சிலமுறை அப்படிப் போய்வந்தோம். மாதம் முடியப்போகிற ஒரு மத்தியானம் பட்டறையில் மறுபடியும் மீட்டரைப் பொருத்தினான். மூன்று சிலிண்டர்களில் முள் நன்றாக ஏறியது. நாலாவதில் ஏறியும் ஏறாமலும் நின்றது. இதை நல்ல செய்தி என்று வைத்துக்கொள்வதா, கெட்ட செய்தி என்றா? அவன் முகத்தைப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை.

கையைத் துணியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தான். வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் நின்று பேசினான். “இல்ல சார், நான் வரல்ல. வேற ஆளப் பாத்துக்கிடுங்க” என்று சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

எனக்கு மகிழ்ச்சியைவிடப் பதற்றம்தான் கூடுதல். “ஏலே, நாலாவது சரியாகல்லியே. அதுக்குள்ள எப்பிடிச் சொல்லிட்ட?” என்று கேட்டேன்.

“ஓடட்டு அத்தான். முள்ளு ஏறுனா ஏறட்டு. ஏறலன்னா நானே தொறந்து பாக்கேன். இஞ்சதானே கெடக்கேன்” என்றான்.