தலைக்குக் கீழே ஒரு கை

காலை ஆறு மணி. சமையலறையில் அவள் ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்து நிற்கிறாள். முழங்காலை மடக்கி, மூச்சை அடக்கி, ஒரு பக்கத்தை நாலு விரற்கடை தூக்கி, மெல்ல இறக்கிவைக்கிறாள். பிறகு கதவைத் திறந்து உள்ளே இருக்கும் பால் பாத்திரத்தைப் பார்க்கிறாள். சிந்தவில்லை என்றால் இன்னொரு முறை. சிந்தியிருந்தால் துடைத்துவிட்டு இன்னொரு முறை. "ஆள் நல்ல கனம், ஆனா திருப்பிப் பிடிக்க மாட்டேங்குது" என்பது ஃபிரிட்ஜைப் பற்றி அவளுக்குள்ள ஒரே குறை.

ஊரடங்குக்கு முன்னால் அவள் கட்டிப்பிடித்ததெல்லாம் தன் எடையுள்ள பெண்களை. அறுபத்திரண்டு கிலோ பிரிவில் நாட்டுக்காக ஆடும் மல்யுத்த வீராங்கனை. பயிற்சி முகாமில் அவளுக்குப் பூட்டு என்று பெயர், பிடித்தால் திறக்காது. எதிராளியைத் தோளில் தூக்கி, முதுகு தரையில் படும்படி போடுவது அவளுக்குக் கைவந்த கலை. வலது காது அடிபட்டு அடிபட்டு மடங்கிப்போயிருக்கிறது. போட்டோ எடுப்பவர்கள் இடப்பக்கம் காட்டச் சொன்னால் வேண்டுமென்றே அந்தக் காதைத்தான் காட்டுவாள்.

முகாமை மூடியபோது எல்லா வீராங்கனைகளுக்கும் கஷ்டம்தான். ஓடுகிறவர்கள் மொட்டைமாடியில் ஓடினார்கள். நீச்சல்காரி ஒருத்தி ஸ்டூலில் குப்புறப் படுத்துக் கையை வீசினாளாம். ஆனால் ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் தள்ளி நின்று எப்படி மல்யுத்தம் செய்வது? பயிற்சியாளர் அக்கா செல்போனில் வகுப்பு எடுத்தார். திரையில் எட்டுக் கட்டங்கள், எட்டுப் பெண்கள், ஆளுக்கொரு தலையணை. எட்டுத் தலையணைகளும் ஒரே நிமிடத்தில் தோற்றன.

வீட்டில் இருந்த ஒரே உயிருள்ள எதிராளி கணவர்தான். அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவர். கண்ணாடியோடு சேர்த்து ஐம்பத்தொன்பது கிலோ. ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஒரு வாளித் தண்ணீர் தூக்கிவரச் சொன்னால் வழியில் இரண்டு இடத்தில் இறக்கிவைப்பார். மூன்று வாரம் தயங்கித் தயங்கிப் பார்த்துவிட்டு ஒருநாள் அவரிடம் கேட்டாள். "ஏங்க, உங்கள ஒரே ஒரு தடவ தூக்கிக்கட்டுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றார். மெத்தை விரித்துத்தான் போட்டாள். தலை மட்டும் மெத்தைக்கு வெளியே போய் விழுந்தது. பின்மண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். மூன்று நாள் அவர் குப்புறப் படுத்துக்கொண்டே பிழை திருத்தினார். அவள் அழுதாள், இனி வேண்டவே வேண்டாம் என்றாள். நாலாம் நாள் காலை அவரே மெத்தையை உதறிப் போட்டார். அன்றிலிருந்து அவரைத் தூக்கிப் போடும்போதெல்லாம் அவளது இடது உள்ளங்கை தானாகப் போய் அவர் பின்தலையைத் தாங்கிக்கொள்ளும். எட்டு மாதம், நாளுக்கு இருபது தடவை.

முகாம் திறந்த முதல் நாள்தான் வினை தெரிந்தது. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை அழகாகத் தோளில் தூக்கினாள். போடும் நேரத்தில் இடது கை பிடியை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் தலைக்குக் கீழே போய் நின்றது. கிடைத்த இடைவெளியில் அந்தப் பெண் நழுவி வந்து இவள் முதுகில் ஏறிக்கொண்டாள். அன்று மட்டும் மூன்று முறை இதே கதை. பயிற்சியாளர் அக்கா விசிலை வாயிலிருந்து எடுத்தார். "குழந்தையத் தொட்டில்லயா போடுற? பத்து நாள்ல அணித் தேர்வு. உன் எடைக்கு ஒரே ஒரு இடம்தான்."

அவளுக்கு வயது முப்பது. இந்த முறை விட்டால் அடுத்தது நாலு வருடம் கழித்து. அதுவரை முழங்கால் காத்திருக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்தபடி எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னாள். பயமாக இருந்தது, அதையும் சொன்னாள். "பலமெல்லாம் அப்படியே இருக்குங்க. இந்தக் கைதான் என் பேச்சக் கேக்கல."

மறுநாள் காலை ஃபிரிட்ஜோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளை அவர் கூடத்துக்குக் கூப்பிட்டார். வீட்டிலிருந்த மூன்று மெத்தைகளும் சோபாத் திண்டுகளும் தரையில் கிடந்தன. நடுவில் அவர் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இறுக்கிக்கொண்டு நின்றார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இப்ப நிஜமாப் போடு" என்றார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

தூக்கினாள். கை ஹெல்மெட்டுக்குக் கீழே போனது. மறுபடி என்றார். மறுபடியும் போனது. ஹெல்மெட் போட்ட தலைக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று அவள் தன் கையையே திட்டிக்கொண்டாள். மூன்றாம் முறை அவரைத் தோளுக்கு மேலே ஏற்றியதும் கண்ணை இறுக மூடினாள். அப்போதும் விரல்கள் போய்ப் பின்தலையைப் பிடித்துக்கொண்டன. தலைகீழாகத் தொங்கியபடியே அவர் தன் கையைப் பின்னால் கொண்டுபோய், அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.